காதுக்குச் சில படங்கள்

இலஞ்சி,
3.8.2025, ஆடிப்பெருக்கு

அன்புள்ள சித்திக்கு,

பாப்பா எழுதிக்கொள்வது. ரெண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தம்பி போனில் சொன்னான். அம்மா அன்று சாயங்காலமே குமாரகோவிலுக்குப் போய் உங்கள் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். ஒரு மாசத்துக்கு டிவி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "அப்போ படம்?" என்பதாமே. தம்பி சொல்லும்போதே உங்கள் முகம் எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் காசு ஆகும் என்று இன்னமும் ரெண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் குட்டியை வாசிக்கச் சொல்லி நாலு தடவை கேட்பீர்கள். குட்டி, அத்தை எழுத்து புரியாத இடத்தில் நின்று பார்த்து வாசி. பாட்டிக்கு அவசரமாக வாசித்தால் பிடிக்காது.

கேரளத்தில் இந்த வருஷம் மே 24ஆம் தேதியே பருவமழை இறங்கிவிட்டது. நமக்கும் சாரல் சீக்கிரமே வந்தாயிற்று. காய வைத்த துணி மூன்று நாளாகக் கொடியிலேயே கிடக்கிறது. ராத்திரியில் செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிற காற்று கதவைத் தட்டும் சத்தம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

மேலகரத்து வீட்டுத் தார்சாவை நினைத்துக்கொள்கிறேன், சித்தி. நீங்களும் அம்மாவும் எதிரெதிரே கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றுவீர்கள். ஜன்னல் திண்டில் ரேடியோ. அன்றைக்கு ஆயிரம் பீடி முடிந்தாக வேண்டும். கண் இலையை விட்டு நகராது. கை தூளை எடுக்கும், உருட்டும், மடக்கும், நூலைச் சுற்றும். காது மட்டும் சும்மா இருந்ததால் அதைச் சினிமாவுக்குக் கொடுத்துவிட்டீர்கள். திருநெல்வேலி ஸ்டேஷனில் ஒலிச்சித்திரம் ஆரம்பித்தால் வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா மூச்சு விடாமல் பேசுவதை நீங்கள் அப்படியே பேசிக் காட்டுவீர்கள். எத்தனையோ படங்களை நீங்கள் பார்த்ததே கிடையாது, கேட்டிருக்கிறீர்கள். ஆனால் பார்த்தவர்களை விட உங்களுக்குத்தான் கதை சரியாகத் தெரியும்.

'விதி' படத்தின் வசனக் கேசட்டை அம்மன் கோவில் கொடைக்குக் கட்டிய குழாயில் போட்டார்களே, மறக்க முடியுமா? படம் 1984இல் வந்தது. எனக்கு ஏழு வயது இருக்கும். கோர்ட் காட்சி. சுஜாதா வக்கீலாக நின்று கேட்க, கூண்டில் நிற்கிற பெண் பேசப் பேச, உங்கள் கையில் பாதி உருட்டிய பீடி அப்படியே நின்றுவிட்டது. தூள் மடியில் கொட்டுவதுகூட உங்களுக்குத் தெரியவில்லை. கேசட்டைப் பக்கம் மாற்ற நிறுத்தினபோதுதான் என்னைப் பார்த்து, "ஏட்டி, அவ பொய் சொல்லல. கொரல்லயே தெரியுதுல்லா" என்றீர்கள்.

இன்றைக்குவரை நான் படத்தை எடை போடுவது அந்த ஒரு பேச்சை வைத்துத்தான். எந்தப் படமானாலும் நடுவில் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வேன். பேசுகிறவன் அந்த ஊர்க்காரன்தானா, அழுகிறவள் நிஜமாகவே அழுகிறாளா என்று காதை வைத்துப் பார்ப்பேன். அழகான படப்பிடிப்பும் பெரிய நடிகரும் கண்ணை ஏமாற்றிவிடலாம். காதை ஏமாற்றுவது கஷ்டம்.

முதலில் சந்தோஷமான சமாச்சாரம். முந்தாநாள் வெள்ளிக்கிழமை 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்தார்கள். 2023ஆம் வருஷப் படங்களுக்கானவை. தமிழில் சிறந்த படம் 'பார்க்கிங்'. திரைக்கதை விருது அதன் இயக்குநர் ராம்குமார் பாலகிருஷ்ணனுக்கும், துணை நடிகர் விருது எம்.எஸ். பாஸ்கருக்கும். பாஸ்கர் பேரைக் கேட்டதும் நான் அடுப்பை அணைத்துவிட்டு டிவி முன்னால் போய் நின்றேன். எத்தனை வருஷம் வேறு வேறு நடிகர்களுக்குப் பின்குரல் கொடுத்த மனுஷர்! அவருடைய முகத்தை நாம் தெரிந்துகொள்வதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே அவர் குரலைக் கேட்டிருப்போம்.

கதை இத்தனூண்டுதான். சென்னையில் ஒரு வாடகை வீடு, அதில் ரெண்டு குடும்பம், வண்டி நிறுத்த ஒரே ஒரு இடம். பாஸ்கர் நேர்மையான அரசு அதிகாரி, சிக்கனக்காரர், பல வருஷமாக அங்கேயே குடியிருப்பவர். புதிதாக வந்த ஹரிஷ் கல்யாண் கார் வாங்குகிறான். அவ்வளவுதான், வீம்பு பிடித்துக்கொள்கிறது. பாஸ்கர் குரல் ஆரம்பத்தில் பூஜை அறையிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். போகப் போக அது எப்படிக் கெட்டுப்போகிறது என்று கவனித்துக் கேளுங்கள். சத்தம் கூடவில்லை, தடிக்கிறது. மனுஷனுக்குள் நல்லவன் இறங்கிப்போவதைக் குரலாலேயே காட்டியிருக்கிறார். கடைசி அரை மணி நேரத்தில் சண்டையை ரொம்பவே முறுக்கிவிட்டார்கள், எனக்கு அது அதிகமாகப் பட்டது. ஆனாலும் விருது சரியான ஆளுக்குப் போயிருக்கிறது.

'டூரிஸ்ட் ஃபேமிலி' மே 1ஆம் தேதி வந்தது. இலங்கையிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒளிந்து வாழ்கிற குடும்பம். சசிகுமார், சிம்ரன், ரெண்டு பையன்கள். எடுத்தவர் அபிஷன் ஜீவிந்த், இதுதான் முதல் படமாம், வயதும் சின்ன வயதுதான். இந்தக் குடும்பத்துக்கு இருக்கிற ஆபத்தே அவர்களுடைய பேச்சுதான். வாயைத் திறந்தால் இலங்கைத் தமிழ் வந்துவிடும், அகப்பட்டுக்கொள்வார்கள். ஒரு ஆளைப் பிடித்துக்கொடுப்பது அவன் தாய்மொழியின் ராகம்தான் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சடைத்தது. நாம் மேலகரத்தில் உட்கார்ந்து ஆசை ஆசையாகக் கேட்ட தமிழ் இல்லையா அது? சசிகுமார் அதைக் கொஞ்சம் நிதானமாக, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற கவனத்தோடு பேசுகிறார். சின்னப் பையனாக வருகிற கமலேஷ் ஓட்டமாகப் பேசிவிடுகிறான். கதையில் கெட்டவர்கள்கூடச் சட்டென்று நல்லவர்களாகிவிடுகிறார்கள், நிஜத்தில் அப்படி நடக்குமா என்று அம்மா கேட்டாள். நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எடுத்த படம் என்றேன். அம்மா ஒப்புக்கொண்டாள்.

'மாரீசன்' வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வடிவேலு தன் பழைய குரலை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஞாபகம் தப்பின ஆளாகப் பையப் பேசுகிறார். திருடன் பகத் பாசிலோடு வண்டியில் போகிற முதல் பாதி நிறைவு. பிறகு அது வேறு படமாகிவிட்டது. அதற்கு மேல் சொன்னால் கதையைச் சொன்னதாகிவிடும்.

இனி நான் உங்களிடம் ஆசையாகச் சொல்ல நினைத்த படங்களுக்கு வருகிறேன்.

போன வருஷம் ஆகஸ்ட் 23ஆம் தேதி ஒரே நாளில் ரெண்டு படம் வந்தன. ஒன்று மாரி செல்வராஜின் 'வாழை', இன்னொன்று பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. வாழை தூத்துக்குடிப் பக்கத்துக் கதை, மாரி செல்வராஜ் தன் சின்ன வயசை வைத்து எடுத்தது. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிற பையன் சிவனைந்தன், சனி ஞாயிறு ஆனால் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். அவனுக்கு லீவு நாள் என்றாலே பயம். அவன் ரஜினி ரசிகன், கூட்டாளி சேகர் கமல் ரசிகன், அதற்கு ஒரு தனிச் சண்டை. பொன்வேல், ராகுல் என்று ரெண்டு பையன்கள் நடித்திருக்கிறார்கள். நடித்தார்கள் என்று சொல்லவே மனசு வரவில்லை.

சித்தி, சனிக்கிழமை என்றால் எனக்கும் வயிற்றைக் கலக்கும், உங்களுக்குத் தெரியுமா? அந்த ரெண்டு நாளும் நீங்கள் சுற்றிப் போட்ட பீடிக்கு நான் முனை மடக்க வேண்டும். நகக்கண் கறுத்து எரியும். திங்கட்கிழமை ஸ்லேட்டில் எழுதும்போது விரலை மோந்து பார்த்தால் புகையிலை வாசம். உங்கள் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை, ஒரு வாய் சோறு கூடக் கிடைக்கத்தான் அந்த வேலை என்று தெரியும். ஆனால் இதை யாரிடமும் சொன்னதில்லை. தாரைத் தலையில் ஏற்றிவிட்டதும் அந்தப் பையன் வாயிலிருந்து வருகிற ஒரு மூச்சு இருக்கிறது. தியேட்டர் இருட்டில் அதைக் கேட்டதும் என் விரல் தானாக மூக்குக்குப் போனது. பக்கத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் ரெண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் சாவு வீட்டு அழுகைக்கு நடுவே பசியோடு இருக்கும் பிள்ளையை நினைத்து அடிக்கிற அந்த ஒப்பாரிப் பாட்டு, நம் பக்கத்து மாரடிப்பேதான். அதைக் குட்டியோடு உட்கார்ந்து கேளுங்கள், தனியாகக் கேட்க வேண்டாம்.

'கொட்டுக்காளி' கதை மதுரைப் பக்கம். ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, காலைக் கட்டின சேவலோடு அவளையும் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது குடும்பம். அவளுக்குப் பிடித்திருப்பது வேறொருவன் மேல் பிரியம், அவ்வளவுதான். அன்னா பென் என்ற மலையாளத்துப் பெண் நடித்திருக்கிறாள். ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. முறைமாமனாக வருகிற சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கரகரவென்று பேசுகிறார். பேச முடிந்தவனுக்குக் குரல் இல்லை, குரல் உள்ளவள் பேச மாட்டேன் என்கிறாள்! படம் முழுக்கப் பின்னணி இசை கிடையாது. ஆட்டோ சத்தம், காற்று, வண்டு, சேவலின் இறக்கை, இவ்வளவுதான். வழியில் எங்கோ குழாயில் ஒரு பாட்டு ஒலிக்கிறது. அவள் உதடு அந்தப் பாட்டோடு அசைகிறது. அதற்கு அவளுக்கு மட்டுமா, தடுக்க வந்தவர்களுக்கும் சேர்த்து அடி விழுகிறது.

தென்காசியில் நான் பார்த்த காட்சியில் பாதிப் பேர், "என்ன, மியூசிக் போட மறந்துட்டானா" என்று பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. நம் குற்றாலத்துச் சித்திரசபையில் நடராஜர் சிலையாக இல்லை, ஓவியமாக இருக்கிறார். அங்கே நின்றால் அந்தச் சுவர்கூட ஆடுகிற மாதிரித் தோன்றும், ஒரு சத்தமும் இருக்காது. அந்த அமைதியைத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் படத்தின் அமைதி ஏன் பிடிபடவில்லை? ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்தபோது கம்பன் பாட்டை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி, எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது என்று காட்டுவாராம். கேட்பதற்கு மூச்சுவிட இடம் வேண்டும். வினோத்ராஜ் அந்த இடத்தை விட்டிருக்கிறார். முடிவைச் சொல்லாமல் நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். எனக்கு அது சம்மதம்.

ஒரு ஆற்றாமையையும் கொட்டிவிடுகிறேன். திருநெல்வேலித் தமிழ் என்றால் நிறையப் படங்களில் அரிவாளும் 'ஏலே'யும்தான். ரெண்டு வார்த்தைக்கு ஒரு 'ஏலே' போட்டால் நம் ஊராகிவிடும் என்று நினைக்கிறார்கள். யாரை 'ஏலே' என்பது, யாரை 'வே' என்பது, யாரிடம் 'அண்ணாச்சி' என்று இறங்கிப் பேசுவது என்று நம் ஆட்களுக்கு ஒரு கணக்கு உண்டு. 'சொன்னாவ' என்று மரியாதையை வினைச்சொல்லின் வாலில் ஒட்டிவைக்கிற பேச்சு நம்முடையது. இதை ஓரளவுக்குச் சரியாகக் காதில் வாங்கின படம் 2015இல் வந்த 'பாபநாசம்'. எடுத்தவர் மலையாளி ஜீத்து ஜோசப், வசனம் எழுதியவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான ஜெயமோகன். கேபிள் டிவி நடத்துகிற சினிமாப் பைத்தியமாக கமல் பேசும்போது சில இடங்களில் நம்மை விடவும் அழுத்தமாகப் பேசுகிறார். ஆனாலும் அதில் குடும்பம் குடும்பமாகப் பேசுகிறது. போன வாரம் டிவியில் மறுபடி போட்டார்கள், அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பரவால்ல, வீட்ல பேசுத மாரிதான் இருக்கு" என்றாள்.

மலையாளம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் மலையாளப் படம் பார்க்கிற பழக்கமும் உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தது. குற்றால சீசனுக்கு வருகிற மலையாளக் குடும்பங்களின் பேச்சைக் கேட்டே பாதி மலையாளம் நமக்கு வந்துவிட்டது. இந்தத் தேசிய விருதில் நம் ஊர்வசிக்கும் துணை நடிகை விருது கிடைத்திருக்கிறது, 'உள்ளொழுக்கு' படத்துக்காக. வெள்ளம் சூழ்ந்த வீட்டில் மகன் பிணத்தை அடக்கம் பண்ண முடியாமல், மாமியாரும் மருமகளும் தண்ணீர் வடியக் காத்திருக்கிறார்கள். ஊர்வசி நம்மைச் சிரிக்க வைத்த அதே குரலைப் பாதியாக்கிப் பேசுகிறாள். மழைச் சத்தம் ஓயவே ஓயாது. சாரல் நாளில் இங்கே உட்கார்ந்து அதைக் கேட்டது எனக்குத் தனி அனுபவம்.

இதையெல்லாம் விட உங்களுக்காகவே எடுத்த படம் என்று நான் நினைப்பது 'நண்பகல் நேரத்து மயக்கம்'. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி எடுத்தது, 2023 ஜனவரியில் தியேட்டருக்கு வந்தது. பேரே தமிழ். வேளாங்கண்ணி போய்விட்டுத் திரும்புகிற ஒரு மலையாளக் கூட்டம். மத்தியான வெயிலில் பஸ்ஸில் எல்லாரும் தூங்குகிறார்கள். ஜேம்ஸாக வருகிற மம்மூட்டி மட்டும் முழித்துக்கொண்டு, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சோளக்காட்டு வழியே ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து போகிறார். ஒரு வீட்டுக்குள் நேராக நுழைகிறார். கொடியில் கிடக்கிற கைலியை எடுத்துக் கட்டிக்கொள்கிறார். அந்த வீட்டில் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன சுந்தரமாகவே பேச ஆரம்பித்துவிடுகிறார். அச்சுத் தமிழில்.

அந்த வீட்டில் ஒரு வயசான அம்மா இருக்கிறாள், சித்தி. சுந்தரத்தின் அம்மா. கண் தெரியாது. டிவி முன்னால் உட்கார்ந்து பழைய தமிழ்ப் படங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். படம் நெடுக பழைய பாட்டும் வசனமும் வந்துகொண்டே இருக்கின்றன, தெருவில், டீக்கடையில், வீட்டில் எல்லாம். ஊரே திகைத்துப்போய் நிற்கிறது, சுந்தரத்தின் பெண்டாட்டி பேச்சற்று நிற்கிறாள். அந்த அம்மா மட்டும் வந்தவனைத் தன் மகன் என்றே ஏற்றுக்கொள்கிறாள். அந்தக் காட்சியில் நான் திரையை விட்டுவிட்டு உங்களையும் ரேடியோவையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தமிழ்க் கிராமத்தின் மத்தியானம் எப்படிச் சத்தம் போடும் என்று மலையாளத்துக்காரர் ஒருவர் இப்படிக் காது கொடுத்திருக்கிறார், அதற்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். படம் பிடித்தவர் நம் தேனி ஈஸ்வர், 'வாழை'க்கும் அவர்தான்.

'மெய்யழகன்' பற்றி ஒரு வரி. நீடாமங்கலத்தில் ஒரு ராத்திரி முழுக்க கார்த்தி, "அத்தான், அத்தான்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அரவிந்த்சாமிக்கோ அவன் பேர்கூட ஞாபகம் இல்லை. நீளம் என்று பிறகு 18 நிமிஷம் போலக் குறைத்தார்களாம். எனக்கு முழுசாகவே வேண்டும். சொந்தக்காரர்கள் பேச உட்கார்ந்தால் மணி பார்ப்பார்களா?

வருகிற 14ஆம் தேதி ரஜினியின் 'கூலி' வருகிறது. 'அபூர்வ ராகங்கள்' வந்து மறுநாளோடு சரியாக 50 வருஷம் ஆகிறது. அம்மா இப்போதே டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டாள். நான் முடியாது என்றுவிட்டேன், சித்தி வராமல் ரஜினி படம் கிடையாது. கண் தேறியதும் தம்பியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுங்கள். புரட்டாசியில் வந்தாலும் ஐந்தருவியில் தண்ணீர் இருக்கும்.

அதுவரைக்கும் ஒரு வேலை. குட்டியிடம் சொல்லி 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்தைப் போடச் சொல்லுங்கள். நீங்கள் டிவிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளுங்கள். டாக்டர் சொன்னது மாதிரியே, பார்க்க வேண்டாம். வந்தவனை மகன் என்று நினைத்து அந்த அம்மா பேசுவது நிஜமா, மம்மூட்டியின் குரலில் பொய் தெரிகிறதா என்று மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். நானும் அம்மாவும் அதில் ரெண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம், நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

உங்கள் அன்புள்ள,
பாப்பா